வாழைப்பழம் தீர்க்காத துக்கம்: சிமுலேஷன் கேமில் மனநிலையை அமைப்பது பற்றி

சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருந்தேன். ஒரு தீவு, அதில் குடியேறிய பத்துப் பேர். குடிசை கட்ட வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், புயலைத் தாங்க வேண்டும். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் 0 முதல் 100 வரை ஓடும் ஒரு மகிழ்ச்சி மீட்டர். சாப்பிட்டால் ஏறும், நனைந்தால் இறங்கும், நெருங்கியவர் யாராவது இறந்தால் 30 குறையும். விளையாடிப் பார்க்கச் சொல்லி அக்கா மகனிடம் கொடுத்தேன். அவனுக்கு அப்போது பத்து வயது.

மூன்றாம் நாள் புயலில் கதிர் என்ற மீனவன் இறந்துபோனான். அவனுடைய தோழி மாலாவின் மீட்டர் 80-இலிருந்து 50-க்கு விழுந்தது. பையன் உடனே மாலாவுக்கு வரிசையாக ஆறு வாழைப்பழம் கொடுத்தான். பழத்துக்கு 5 புள்ளி. மீட்டர் மறுபடியும் 80. மாலா சிரித்துக்கொண்டே தண்ணீர் எடுக்கப் போனாள். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, இவ ஃப்ரெண்டு செத்துட்டானே, இவ ஏன் சிரிச்சுக்கிட்டே போறா?" என்று கேட்டான்.

கணக்கில் தவறு எதுவும் இல்லை. 30 போனது, 30 வந்தது. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கே அது பொய்யாகத் தெரிந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மற்ற கேம்களைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். கேம் செய்ய ஆரம்பிக்கிறவர்கள், அல்லது தாங்கள் விளையாடும் கேமில் பாத்திரங்கள் ஏன் அப்படி நடந்துகொள்கின்றன என்று யோசிக்கிறவர்கள், இருவருக்காகவும் இதை எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டாம். கூட்டல் கழித்தல் போதும்.

தேவை வேறு, மனநிலை வேறு

பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 2000-ஆம் ஆண்டு வெளியான தி சிம்ஸ், ஒரு வீட்டில் வாழும் ஆட்களின் அன்றாடத்தை நடத்தும் கேம். அதை உருவாக்கிய வில் ரைட்டின் வீடு 1991-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பரவிய பெருந்தீயில் எரிந்துபோனது. மறுபடி ஒரு வாழ்க்கையைப் பொருள் பொருளாகச் சேர்க்கும்போது, நமக்கு உண்மையில் எதெல்லாம் வேண்டும் என்ற யோசனை அவருக்கு வந்தது. கேமின் விதை அதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

தி சிம்ஸில் ஒரு பாத்திரத்துக்கு எட்டுத் தேவைகள்: பசி, வசதி, சுத்தம், கழிப்பறை, தெம்பு, பொழுதுபோக்கு, பிறரோடு பழகுதல், அறை. எட்டும் தனித்தனி மீட்டர்கள். நேரம் போகப் போகத் தாமாகவே இறங்கும். வீட்டிலுள்ள பொருட்கள் தங்களிடம் என்ன கிடைக்கும் என்று சுற்றிலும் கூவிக்கொண்டிருக்கும். ஃப்ரிட்ஜ் "என்னிடம் வந்தால் பசி தீரும்" என்கிறது, டிவி "பொழுது போகும்" என்கிறது, கட்டில் "தெம்பு வரும்" என்கிறது. பாத்திரம் தன் குறை எது என்று பார்த்து, அதிகம் இழுக்கிற பொருளை நோக்கி நடக்கிறது. புத்தி முழுக்கப் பாத்திரத்தின் மண்டையில் இல்லாமல் பாதி பொருட்களுக்குள் இருக்கிறது. ஆரம்பநிலையில் இருப்பவர்கள் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவு நல்ல ஏற்பாடு.

இதிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. எல்லாத் தேவையையும் நேர்கோட்டில் கூட்டக் கூடாது. பசி 90-இலிருந்து 80-க்கு இறங்கினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். 20-இலிருந்து 10-க்கு இறங்கினால் வேறு எதுவுமே மனதில் நிற்காது. இரண்டும் அதே பத்துப் புள்ளிதான், ஆனால் எடை வேறு. அடிமட்டத்துக்கு வர வர எடை கூடும் ஒரு வளைவைப் போட்டுவிட்டால், வயிறு காய்கிறவன் கிடாரைத் தேடிப் போகும் அபத்தம் போய்விடும்.

ஆனால் தேவைகள் எல்லாம் நிறைந்திருப்பதற்குப் பெயர் மகிழ்ச்சி ஆகுமா? வயிறு நிறைந்து, குளித்து, நன்றாகத் தூங்கி எழுந்து, அப்புறமும் மனம் கனத்துக் கிடக்கும் நாட்கள் நம் எல்லோருக்கும் உண்டு. தி சிம்ஸ் வரிசையே இந்த இடத்தில்தான் நகர்ந்துகொண்டே போயிருக்கிறது. 2004-இல் இரண்டாவது பாகத்தில் ஆசைகளும் பயங்களும் வந்தன. 2009-இல் மூன்றாவது பாகத்தில் "நல்ல சாப்பாடு", "அழகான அறை" என்று காரணத்தோடு வரும் சின்னச் சின்ன மனநிலைச் சீட்டுகள். 2014-இல் நான்காவது பாகத்தில் கோபம், சோகம், உற்சாகம், கூச்சம் என்று உணர்ச்சிகளுக்கே தனித்தனிப் பெயர். ஒரே கோட்டில் மேலும் கீழும் போவது போதாது என்று அந்த வரிசையே ஒவ்வொரு பாகத்திலும் ஒத்துக்கொண்டு வந்திருக்கிறது.

42-உம் 42-உம்

இதை மிகத் தெளிவாகச் செய்திருப்பது ரிம்வேர்ல்ட் என்பது என் கருத்து. டைனன் சில்வெஸ்டர் உருவாக்கியது, முழு வடிவம் 2018-இல் வந்தது. விண்கலம் உடைந்து ஒரு தூரக் கோளில் சிக்கிக்கொண்ட சிலரை வைத்துக் குடியிருப்பு அமைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் மனநிலை என்று ஓர் எண் இருக்கிறது. அதைச் சொடுக்கினால் ஒரு பட்டியல் விரியும். அந்த எண் எதனால் ஆனது என்று வரி வரியாக அங்கே எழுதியிருக்கும். அதில் ரசிகர்களிடையே பேர் போன ஒரு வரி "மேஜை இல்லாமல் சாப்பிட்டேன்", −3, ஒரு நாள் நீடிக்கும். சின்ன விஷயம்தான். ஆனால் குடியிருப்பு தொடங்கியதும் ஒரு மேஜையைச் செய்து போட்டுவிட வேண்டும் என்று லட்சக்கணக்கானவர்களைப் பழக்கியது அந்த மூன்று புள்ளிதான். காரணம் கண்ணுக்குத் தெரிந்தது, தீர்வும் தெரிந்தது.

என் தீவுக்கே வருவோம். எல்லோருக்கும் அடிப்படை மனநிலை 50 என்று வைத்துக்கொள்வோம். மாலாவின் பட்டியல் இன்று இப்படி இருக்கிறது: மழையில் நனைந்தேன் −4, தாசன் மீன் குழம்பில் பங்கு கொடுத்தான் +5, கூரை ஒழுகவில்லை +3, கதிர் இறந்துபோனான் −12. கூட்டினால் 42. பக்கத்துக் குடிசை தாசனின் பட்டியலில் ஒரே வரிதான்: காலையிலிருந்து சாப்பிடவில்லை −8. அவனுக்கும் 42.

மீட்டரை மட்டும் பார்த்தால் இருவரும் ஒரே நிலை. பட்டியலைப் பார்த்தால் ஒருவனுக்குச் சோறு வேண்டும், இன்னொருத்திக்கு ஆள் வேண்டும். நுணுக்கமான மனநிலை அமைப்பு என்று எதைச் சொல்கிறோம் என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த இரண்டு பட்டியலைத்தான் காட்டுவேன். எண்ணை எவ்வளவு துல்லியமாகக் கணக்கிடுகிறோம் என்பது இரண்டாம் பட்சம். எண்ணுக்குப் பின்னால் காரணம் நிற்கிறதா, அந்தக் காரணத்துக்கு அதற்கேற்ற மருந்து மட்டும்தான் பலிக்கிறதா என்பதே முதல் கேள்வி. பழைய கேமில் வாழைப்பழம் மாலாவின் மொத்த எண்ணில் போய்ச் சேர்ந்தது. புதிய அமைப்பில் அது பசி என்ற வரியை மட்டும் மாற்றும். கதிர் பற்றிய வரியைத் தொடாது.

ஒவ்வொரு வரிக்கும் நான்கு விஷயம் எழுதி வைக்க வேண்டும். என்ன நடந்தது, யாரால் அல்லது எதனால், எவ்வளவு புள்ளி, எத்தனை நாள். நாள் முடிந்ததும் வரி சட்டென்று மறைந்துவிடாமல் தேய்ந்து போனால் நன்றாக இருக்கும். கதிரின் வரி −12, 20 நாள் என்றால் நாளுக்கு 0.6 வீதம் கரையட்டும். பத்தாம் நாள் −6 ஆகியிருக்கும். இருபதாம் நாள் இரவு வரை பாறாங்கல்லாக இருந்துவிட்டு இருபத்தோராம் நாள் காலையில் காணாமல் போகும் துக்கம் யாருக்கும் கிடையாது.

ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் என்ன செய்வது? இங்கே பலர் தடுமாறுகிறார்கள். ஒரே நாளில் ஐந்து பேர் "நன்றாகச் செய்தாய்" என்று பாராட்டினால் முதல் பாராட்டு இனிக்கும், ஐந்தாவது காதில் விழுந்ததோடு சரி. ரிம்வேர்ல்டில் ஒரே மாதிரி வரிகள் குவியும்போது ஒவ்வொன்றும் முழு மதிப்போடு கூடுவதில்லை, அடுத்தடுத்து வருவது குறைந்த மதிப்போடுதான் சேரும். இந்த ஒரு விதியே பாதி ஏமாற்று வழிகளை அடைத்துவிடும். எதையாவது நூறு முறை அழுத்தி மகிழ்ச்சியை நிரப்பிவிடலாம் என்றால் விளையாடுபவர் அதைத்தான் செய்வார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது, அந்தக் கதவைத் திறந்து வைத்தவர்கள் நாம்.

இலக்கு எண்ணும் நிஜ எண்ணும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டியலைக் கூட்டி வரும் எண்ணை அப்படியே மனநிலையாகக் காட்டாதீர்கள். அதை இலக்காக வையுங்கள். மனநிலை அந்த இலக்கை நோக்கி மெல்ல நகரட்டும். 1999-இல் வந்த ரோலர்கோஸ்டர் டைக்கூனிலேயே இது இருக்கிறது. பூங்காவுக்கு வரும் ஒவ்வொரு விருந்தினருக்கும் நிஜ மகிழ்ச்சி ஒன்று, இலக்கு மகிழ்ச்சி ஒன்று என இரண்டு எண்கள், இரண்டும் 0 முதல் 255 வரை. நல்ல சவாரி இலக்கை உயர்த்தும், நிஜ எண் படிப்படியாகப் போய் அதை எட்டும். ஆயிரக்கணக்கான ஆட்கள் நடமாடும் பூங்காவை அந்தக் காலத்துக் கணினியில் ஓட்டிய கேம் அது. ஆளுக்கு ஓர் எண் கூடுதலாக வைக்கும் செலவு பொறுக்கத் தக்கது என்று அன்றே முடிவு செய்திருக்கிறார்கள்.

ரிம்வேர்ல்டும் இப்படித்தான் நகர்கிறது. இதனால் மனநிலைக்கு ஒரு கனம் வருகிறது. கெட்ட செய்தி வந்ததும் விளையாடுபவருக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. மீட்டர் இறங்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, அது ஆபத்தான கோட்டைத் தொடுவதற்குள் ஏதாவது செய்ய முயல்கிறார். நல்ல விளையாட்டு பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

எதிர்பார்ப்பு என்ற மறைந்திருக்கும் எண்

இனி நான் மிகவும் நேசிக்கும் பகுதி. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1971-இல் ஃபிலிப் ப்ரிக்மன், டொனால்ட் கேம்ப்பெல் என்ற இரண்டு உளவியலாளர்கள், மனிதர் எந்த வசதிக்கும் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள், இன்பத்தைத் துரத்துவது நின்ற இடத்திலேயே ஓடும் இயந்திரத்தில் ஓடுவது போன்றது என்று எழுதினார்கள். 1978-இல் ப்ரிக்மனும் இன்னும் இருவரும் லாட்டரியில் பெரும் பணம் வென்ற 22 பேரைச் சாதாரண மக்களோடு ஒப்பிட்டார்கள். வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி மகிழ்ச்சியாக இல்லை. அன்றாடச் சின்ன சந்தோஷங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் மற்றவர்களைவிடக் குறைவாகவும் இருந்தது. ஆய்வு சிறியது, ஆட்கள் குறைவு. ஆனால் கேம் செய்கிறவனுக்கு அதில் இருப்பது பொன்னான ஒரு விதி: மனிதர் இருப்பதை அளப்பதில்லை, இருப்பதற்கும் எதிர்பார்த்ததற்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்கிறார்கள்.

இதை நிரலில் போடுவது மிக எளிது. ஆளுக்கு "எதிர்பார்ப்பு" என்று இன்னோர் எண். ஒவ்வொரு நாளும் அது உண்மை நிலையை நோக்கி, இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு நகரும். அவ்வளவுதான்.

மாலாவின் குடிசையின் தரம் 20, அவள் எதிர்பார்ப்பும் 20. இன்று தரம் 60 உள்ள ஓட்டு வீடு கட்டிக் கொடுக்கிறீர்கள். இடைவெளி +40, மாலா துள்ளுகிறாள். மறுநாள் எதிர்பார்ப்பு 24 ஆகிறது, இடைவெளி 36. ஒரு வாரத்தில் இடைவெளி ஏறக்குறைய 19. இரண்டு வாரத்தில் 9. முப்பதாம் நாள் 2-கூட இல்லை. ஓட்டு வீடு அதேபோல நிற்கிறது, மாலாவுக்கு அது வெறும் வீடாகிவிட்டது.

இப்போது புயல் வந்து வீடு இடிகிறது. மாலா மறுபடியும் தரம் 20 உள்ள ஓலைக் குடிசைக்குப் போகிறாள். ஒரு மாதத்துக்கு முன் எந்தப் புகாரும் இல்லாமல் இருந்த அதே குடிசைதான். ஆனால் எதிர்பார்ப்பு இப்போது 58. இடைவெளி −38. இதோடு இன்னொன்றையும் சேருங்கள். டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் விளக்கியபடி, ஒன்றைப் பெறும் இன்பத்தைவிட அதே அளவு இழக்கும் வலி மனிதருக்குப் பெரிது. இழப்பை இரண்டால் பெருக்கினால் −76. விளையாடுபவர் அந்தக் குடிசையைப் பார்ப்பார், மாலாவின் முகத்தைப் பார்ப்பார், யாரும் எதையும் விளக்காமலே புரிந்துகொள்வார்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு பழைய வரி நினைவுக்கு வரலாம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லிவிட்டு நிறுத்துவதில்லை. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணங்களையும் சேர்த்தே தருகிறது. அழுகைக்கு அது சொல்லும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழித்துப் பேசுவது இளிவு. வேண்டியவரையோ வேண்டியதையோ இழப்பது இழவு. வறுமை தெரிந்ததுதான். அசைவு என்பதற்கு, முன்பிருந்த நிலை கெட்டு வருந்துவது என்று உரை சொல்கிறார்கள். இல்லாமையால் வரும் அழுகை வேறு, இருந்த நிலையிலிருந்து இறங்குவதால் வரும் அழுகை வேறு. குடிசையில் பிறந்தவளின் துயரமும் ஓட்டு வீட்டிலிருந்து குடிசைக்கு வந்த மாலாவின் துயரமும் ஒரே வரியில் அடங்காது. என் கேமின் காரணப் பட்டியலை எழுத உட்கார்ந்தபோது அந்த எட்டையும் முப்பத்திரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். உணர்ச்சியையும் காரணத்தையும் பிரிக்காமல் எழுதும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குக் கிடைக்கவில்லை.

ரிம்வேர்ல்டும் எதிர்பார்ப்பைக் கையாள்கிறது, ஆனால் வேறு விதமாக. குடியிருப்பின் மொத்தச் செல்வத்தைப் பார்த்து எல்லோருக்கும் ஒரு வரி சேர்க்கும். ஏழைக் குடியிருப்பில் எதிர்பார்ப்பு மிகக் குறைவு என்பதால் +30. செல்வம் கூடக் கூட அது குறைந்து, உச்சத்தில் 0 ஆகிவிடும். தொடக்கத்தில் தரையில் படுத்து உறங்கியவர்கள் தாங்கிக்கொண்டதும், பளிங்குத் தரை போட்ட பிறகு சின்னக் குறைக்கெல்லாம் முகம் சுளிப்பதும் இதனால்தான். புதிதாக விளையாடுகிறவர் முதல் வாரத்திலேயே தோற்றுப்போகாமல் இருக்கவும் இது உதவுகிறது. செல்வத்தைச் சேர்த்துக்கொண்டே போனால் எல்லாம் சுலபமாகிவிடும் என்ற கேம்களின் பழைய நோய்க்கும் இது மருந்து. என் தீவில் ஆளுக்கு ஆள் தனி எதிர்பார்ப்பு வைத்தேன், காரணம் பத்துப் பேர்தான். ஐந்நூறு பேர் உள்ள ஊர் என்றால் ரிம்வேர்ல்டின் வழியே சரி.

யாருக்கு நடந்தது

ஒரே மழை. ஒருவருக்கு எரிச்சல், ஒருவருக்குப் பால்யம். இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஆளின் சுபாவம் காரணத்தின் புள்ளியை மாற்றட்டும், மொத்த மனநிலையை மாற்ற வேண்டாம். "சோகமான ஆள், எப்போதும் −10" என்று எழுதினால் அது ஆளே இல்லை, அபராதம். "தனிமை விரும்பி: கூட்டமாகச் சாப்பிட்டால் +5-க்குப் பதில் −2, தனியாக மீன் பிடித்தால் +4" என்று எழுதினால் தாசன் உருவாகிறான். அவனை எங்கே வேலைக்கு வைப்பது என்று விளையாடுபவர் யோசிக்க ஆரம்பிக்கிறார். ரிம்வேர்ல்டில் துறவு மனம் கொண்டவருக்கு ஆடம்பர அறை கொடுத்தால் மனம் வாடும். எல்லோருக்கும் நல்லது என்று நினைத்துச் செய்வது ஒருவருக்குக் கெடுதலாக முடியும்போது, அந்த ஒருவரை நாம் பெயர் சொல்லி நினைவில் வைத்துக்கொள்கிறோம்.

2020-இல் வந்த க்ரூசேடர் கிங்ஸ் 3 இதை அரசர்களுக்குச் செய்கிறது. அங்கே மன அழுத்தம் என்று ஓர் எண் இருக்கிறது. இரக்க குணம் உள்ள அரசன் கைதிக்கு மரண தண்டனை கொடுத்தால் அழுத்தம் ஏறும். கொடூரனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அழுத்தம் 100, 200, 300 என்ற படிகளைத் தாண்டும்போது மனம் உடையும், குடி போன்ற பழக்கங்களில் போய் விழுவான். அரசியலுக்கு லாபமான செயல் அந்த ஆளின் சுபாவத்துக்கு விரோதமாக இருக்கிறது என்ற இழுபறிதான் அங்கே விளையாட்டு. நீங்கள் செய்வது மீன்பிடிக் கிராமமாக இருந்தாலும் இது பொருந்தும். உயிரைக் கொல்ல மனம் வராதவளை வலை இழுக்க அனுப்பினால் வேலை நடக்கும், ஆனால் ஒரு வரி சேரும்.

டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் இதில் கடலாழம் வரை போயிருக்கிறது. டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி இருவர் செய்தது, 2006-இல் முதலில் வெளிவந்தது. பூமிக்கடியில் கோட்டை கட்டும் குள்ளர்களின் கதை. பழைய பதிப்புகளில் குள்ளனின் மகிழ்ச்சி ஒற்றை எண்ணாகத்தான் இருந்தது, அதனால் ஒரு விபரீதம் அடிக்கடி நடக்கும். ஒரு குள்ளன் இறப்பான். அவன் நண்பன் துக்கத்தில் வெறி பிடித்து நாற்காலியை உடைப்பான், ஆளை அடிப்பான். அடிபட்டவன் இறந்தால் அவனுடைய நண்பர்கள் வெறி பிடிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கோட்டையே காலி. இந்தச் சுழலுக்கு ரசிகர்கள் தனிப்பெயரே வைத்திருந்தார்கள். 2014-இல் அந்த ஒற்றை எண்ணை எடுத்துவிட்டு, சுபாவத்தைப் பொறுத்துப் பிறக்கும் உணர்ச்சிகளையும் மெல்லச் சேரும் மன அழுத்தத்தையும் கொண்டுவந்தார்கள். 2018-இல் நினைவுகள் வந்தன. ஆழமாகப் பதிந்த சம்பவத்தைக் குள்ளன் பிறகு எப்போதாவது நினைத்துப் பார்ப்பான், அந்த உணர்ச்சி மறுபடி வரும், சில நினைவுகள் அவன் சுபாவத்தையே நிரந்தரமாக மாற்றிவிடும்.

ஆரம்பநிலையில் இருப்பவர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நினைவை மட்டும்தான் என்பேன். ஒருவருக்கு மூன்று நினைவுகள் போதும். வரி தேய்ந்து மறையும்போது, அது மிகப் பெரிய வரியாக இருந்தால் புள்ளி இல்லாத நினைவாகத் தங்கட்டும். அந்த இடம், அந்த ஆள், அந்த நாள் எதிர்ப்பட்டால் சின்னதாக ஒரு புது வரி எழும்பட்டும். கதிர் இறந்த வரி இருபது நாளில் கரைந்துவிடும். ஆனால் அவன் படகு கரையில் கிடக்கும்வரை அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் மாலாவுக்கு −2, அரை நாள். ஒரு எச்சரிக்கை மட்டும்: இந்த எழும்பும் வரி மறுபடி நினைவாகப் பதிய விடாதீர்கள். விட்டால் மாலா எந்நாளும் மீள மாட்டாள்.

சுழலுக்கும் ஒரு தடை வேண்டும். ஒருவர் உடைந்தால் சுற்றியிருப்பவர் பாதிக்கப்பட வேண்டும், அதில்தான் ஊர் என்ற உணர்வு இருக்கிறது. ஆனால் எல்லோரும் சேர்ந்து விழுந்துவிடக் கூடாது. ரிம்வேர்ல்டில் மனம் உடைந்து ஒரு பாட்டம் தீர்ந்தவருக்கு +40 வரும். அழுது முடித்த பிறகு நெஞ்சு இலேசாவது போல. அதனால் அதே ஆள் அடுத்த நாளே மறுபடி உடைவதில்லை. எண்ணாகப் பார்த்தால் இது ஒரு பாதுகாப்பு வால்வு, மனிதராகப் பார்த்தாலும் உண்மை. விதி இரண்டு வகையிலும் பொருந்தினால் அதைத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம்.

தெரிய வேண்டும்

இவ்வளவையும் நிரலுக்குள் வைத்துவிட்டு வெளியே ஒரு சிரித்த முகத்தை மட்டும் காட்டினால் அத்தனை உழைப்பும் வீண். விளையாடுபவருக்குத் தெரியாத காரணம் அவரைப் பொறுத்தவரை இல்லாத காரணம்.

இரண்டு வழியில் காட்டலாம். ஒன்று பட்டியல். ஆளைச் சொடுக்கினால் வரிகள் அந்த ஆளின் வாய்மொழியில் இருக்க வேண்டும். "சமூகத் தேவை −6" என்பது கணக்குப் பிள்ளையின் மொழி. "மூன்று நாளாக யாரும் என்னோடு பேசவில்லை −6" என்பது மாலாவின் மொழி. இடம் கொஞ்சம் அதிகம் ஆகும், பரவாயில்லை. ரோலர்கோஸ்டர் டைக்கூனில் விருந்தினரின் எண்ணங்களைப் படிக்கத் தனிப் பக்கமே உண்டு. வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைப்பார்கள், ஒரு சவாரி விலைக்குத் தகுந்தது என்று நினைப்பார்கள். அதைப் படித்தே பூங்காவைச் சரிசெய்யலாம்.

இன்னொன்று நடத்தை, இது பட்டியலைவிட ஒரு படி மேல். மனநிலை ஒருவர் எடுக்கும் முடிவுகளைச் சாய்க்க வேண்டும். தி சிம்ஸின் கூவும் பொருட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். துக்கத்தில் இருப்பவளுக்குக் கூட்டமான இடத்தின் குரல் பாதியாகக் கேட்கட்டும், தோழியின் வீட்டுக் குரல் இரண்டு மடங்காகக் கேட்கட்டும். கோபத்தில் இருப்பவன் கோபத்துக்குக் காரணமானவன் உட்கார்ந்திருக்கும் திண்ணையைத் தவிர்க்கட்டும். நடையின் வேகம், சாப்பாட்டைப் பாதியில் வைப்பது, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கரையில் நிற்பது எல்லாம் ஒன்றிரண்டு வரி நிரல்தான். பட்டியலைத் திறக்காமலே ஏதோ சரியில்லை என்று விளையாடுபவருக்குத் தோன்றினால் அமைப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

செய்து பார்க்க விரும்புகிறவர்கள் நேரே நிரலுக்குப் போகாதீர்கள். எக்செல் போன்ற ஒரு விரிதாளைத் திறந்து இரண்டே ஆள், ஆளுக்கு ஒரு சுபாவம், பத்துக் காரணங்கள், முப்பது நாள் என்று ஓட்டி, இருவரின் மனநிலையையும் கோடாக வரைந்து பாருங்கள். இரண்டு கோடும் எப்போதும் 50-ஐ ஒட்டியே படுத்துக் கிடந்தால் தேய்மானம் வேகமாக இருக்கிறது. ஒருமுறை விழுந்து எழவே இல்லை என்றால் நினைவு கனமாக இருக்கிறது. இரண்டு கோடும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போனால் சுபாவம் பெயருக்குத்தான் இருக்கிறது. நான் இந்த மூன்று தவறையும் அதே வரிசையில் செய்து, திருத்தி, ஏறக்குறைய நான்கு மாதம் கழித்துத் தீவை மறுபடி அக்கா மகனிடம் கொடுத்தேன்.

இந்த முறையும் புயல் வந்தது, கதிர் போனான். பையன் பழக்க தோஷத்தில் வாழைப்பழத்தை எடுத்தான். மாலா ஒன்றைச் சாப்பிட்டாள், இரண்டாவதை வாங்கவில்லை. மறுநாள் காலை அவள் தண்ணீர் எடுக்கக் கிளம்பினாள். கரையோரமாகப் போகும் நேர்வழியை விட்டுத் தோப்பைச் சுற்றிக்கொண்டு போனாள். "மாமா, இது கேம்ல பிழையா? வழி தப்பாப் போறா" என்றான். பட்டியலைத் திறந்து பார் என்றேன். திறந்து மெதுவாகப் படித்தான்: "கரையில் கதிரின் படகு கிடக்கிறது." கொஞ்ச நேரம் எதையும் அழுத்தவில்லை. அப்புறம் வேலைப் பட்டியலுக்குப் போய், தாசனையும் தண்ணீர் எடுக்கும் வேலையில் மாலாவோடு அதே நேரத்துக்குப் போட்டான்.